இறங்கிய பிறகும் ஓடிய சைக்கிள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதினொரு கிலோமீட்டர். பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். இந்த மார்கழியில்தான் முதல்முறையாகச் சைக்கிளில் போனேன், அதுவும் மிதிக்காமல்.

காரணம் ஜமீலா அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இடது கால் போலியோவால் சூம்பிய கால். அவள் பஸ் படியில் ஏறி முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். கம்பி சுற்றி மோட்டார் காயில் கட்டுவது எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், தொழில். அவர் ஒரு லேடீஸ் சைக்கிளில் சின்ன மோட்டாரைப் பொருத்தி, கேரியரில் கார் பாட்டரியை வைத்துக் கட்டி, அவளுக்கென்று மின்சார சைக்கிள் செய்தார். சாவியைத் திருப்பி வலது கைப்பிடியைத் திருகினால் ஓடும். இந்தத் தொண்ணூற்று நான்கிலும் எங்கள் ஊரில் இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

ஓட்டுவது அவளுக்குச் சுலபம். நிறுத்தி இறங்குவதில்தான் அத்தாவுக்குப் பயம். "நல்லபடியா நின்னு எறங்கிட்டான்னா நாளைக்கே வேலைக்குப் போகட்டும். இல்லேன்னா ஏலாதுன்னு சொல்லிருவோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பத்தாம் வகுப்பு படிக்கும் நான் பாதி தூரம் ஓட்டிப் பழகி அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பது, மீதிப் பாதியை அவள் ஓட்டுவது என்று ஏற்பாடு. அத்தா தன் சைக்கிள் கேரியரில் அக்காவை வைத்து மிதித்து வந்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் பனி. இடது பக்கம் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. "ஏட்டி, முன்னாடி போயிராத!" என்று அத்தா கத்தியது கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர்கள் இல்லை. எனக்குப் பின்னால் பாட்டரியின் கனம் மட்டும், யாரோ பேசாமல் உட்கார்ந்து வருவதைப்போல.

சத்தமே இல்லாமல் போவது எப்படியிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. ரோட்டோரம் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கவில்லை. புளியமரத்துக் காக்கைகள் கலையவில்லை. நான் அங்கே இல்லாததுபோல எல்லாம் அதனதன் பாட்டில் இருந்தன.

ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால் பால்காரர் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். நான் பக்கத்தில் போனதும் துள்ளிவிட்டார். கேனில் பால் தளும்பியது.

"மனுஷிதானா? எங்கிட்டிருந்து தாயி வார? காத்து மாதிரில்ல பக்கத்துல வந்துட்ட!"

"கரண்டு சைக்கிள் அண்ணாச்சி." அவர் நடைக்கு ஈடாக மெதுவாக ஓட்டிக்கொண்டே சொன்னேன்.

"என்ன எழவோ! மொதல்ல எறங்கு. தர்காவு வருதுல்ல."

பாலத்தை ஒட்டிப் பச்சைத் துணி போர்த்திய சின்ன அடக்கத்தலம் ஒன்று உண்டு. எந்தச் சாதி, எந்த மதமானாலும் சைக்கிளில் வருகிறவர்கள் அங்கே இறங்கித்தான் உருட்டுவார்கள். "எறங்காமப் போனா பொறவு வண்டி நிக்காதும்பாக" என்றார் பால்காரர்.

நான் வழக்கம்போலத்தான் இறங்கினேன். இடது பெடலில் நின்று, வலது காலை முன்பக்கம் கொண்டுவந்து, ஓட்டத்திலேயே குதித்தேன். எங்கள் பள்ளியில் எல்லாப் பெண்களும் இப்படித்தான் இறங்குவோம். ஆனால் குதித்த வேகத்தில் வலது கை பிடியை முறுக்கிவிட்டது. சைக்கிள் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. விழுந்துவிடுவோமோ என்று நான் இன்னும் இறுக்கிப் பிடிக்க, அது இன்னும் வேகமெடுத்தது. பச்சைத் துணி என்னைக் கடந்து போனது.

"கைய விடு தாயி! விட்டுரு!"

விட்டேன். முழங்கால் தரையில் உரசியது. சைக்கிள் சாயவில்லை. ஆள் இல்லாமல், நேராக, பனிக்குள் போய் மறைந்தது.

விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். கேட்கவே இல்லை. பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு என்னோடு வந்தார். பாலத்தின் கைப்பிடிச் சுவரில், யாரோ அக்கறையாகக் கொண்டுவந்து நிறுத்தியதுபோலச் சைக்கிள் சாய்ந்திருந்தது. பின் சக்கரம் மட்டும் மணலில் வழுக்கியபடி மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

அத்தா வந்து சேர்ந்ததும் சாவியைத் திருப்பினார். அப்போதுதான் சக்கரம் நின்றது. பிடியைப் பலமுறை திருகித் தளர்த்தினார். "குளிர்ல பிடி இறுகிப்போச்சு. விட்டாலும் திரும்பல." என் முழங்காலைப் பார்த்தார். "போதும். வீட்டுக்குப் போவோம்."

அக்கா கேரியரிலிருந்து இறங்கவில்லை. "ஏட்டி, நீ எப்படி எறங்குன?" என்றாள். சொன்னேன்.

"ஓட்டத்துலயே குதிச்சியா?" அவளுக்குச் சிரிப்பு. "நான் என்னைக்குக் குதிச்சிருக்கேன்? நின்னாத்தானே எனக்கு எறங்கவே ஏலும்."

அத்தா மறுப்பதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டாள். பத்தடி ஓட்டினாள். இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். தார் ரோட்டை விட்டு மண்ணில் ஒதுங்கி நின்றாள். பிரேக்கை விடாமல், வலது காலைத் தரையில் ஊன்றிச் சாவியைத் திருப்பினாள். அதற்குப் பிறகே சீட்டை விட்டு எழுந்தாள். மறுபடி ஒருமுறை அதையே செய்தாள். மூன்றாவது முறை நிற்கவில்லை. பனி அவளை மூடிக்கொண்டது.

அத்தா என்னை ஏற்றிக்கொண்டு மூச்சிரைக்க மிதித்தார். "சத்தம் கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்த வண்டிக்கு ஏது சத்தம்? எதிரே லாரிகள் வந்தபோதெல்லாம் அவர் மிதிப்பதை நிறுத்தி உற்றுப் பார்த்தார். ஊர் முகப்பில் கோபுரமும் தெரியவில்லை, அக்காவும் இல்லை. டீக்கடைக்காரரிடம் விசாரித்தோம்.

"ஒரு பிள்ளை போச்சு. காலு ஆடல, பெடலு சுத்தல. நல்லா விடியட்டும்னு நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல" என்றார்.

தட்டச்சுப் பள்ளி வாசலில் அக்கா சுவரைப் பிடித்து நின்றாள். சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. அத்தா கையை நீட்டினார், சாவிக்காக. அக்கா கொடுக்கவில்லை. "நானே வச்சுக்கிறேன் அத்தா. நாளைக்கு வேணுமே."

இப்படிச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்த வழியில் போவதானால், பனி விலகி ஏழு மணிக்குமேல் கிளம்புங்கள். எங்கள் பாட்டரி ஒருமுறை சார்ஜ் செய்தால் போகிற வழிக்குத்தான் போதும். அங்கே சார்ஜ் போடாவிட்டால் திரும்பும்போது மிதிக்கத்தான் வேண்டும்; அக்கா தட்டச்சுப் பள்ளியிலேயே போட்டுக்கொள்கிறாள். ஆட்களைக் கண்டால் தூரத்திலேயே மணியடியுங்கள். நின்று, காலூன்றி, சாவியை அணைத்த பிறகு இறங்குங்கள். குதிக்காதீர்கள்.

பாலத்தருகே மட்டும் இதையெல்லாம் தர்காவுக்குக் கொஞ்சம் முன்பே முடித்துவிடுங்கள். பிடி இறுகியதுதான் காரணம் என்கிறார் அத்தா. இருக்கலாம். ஆனால் அந்தச் சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்த விதத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் பிடிக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.