மடலின் அடியில் வரும் பெயர்கள்

திருமண வாழ்த்து மடலை யாரும் படிப்பதில்லை. அதைக் கணக்கில்லாமல் எழுதித் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் ரோஸ் கலர் தாளைக் கையில் வாங்குகிறவரின் கண் நேராக அடிப்பகுதிக்குத்தான் போகும். அங்கேதான் ‘இவண், அன்பு நண்பர்கள்’ என்று போட்டு வரிசையாகப் பெயர்கள் இருக்கும். தன் பெயர் இருக்கிறதா, இன்னாருக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, இனிஷியல் சரியா என்று பார்ப்பார். பார்த்து முடித்ததும் தாள் நாலாக மடிந்து விசிறியாகும். இல்லாவிட்டால் குழந்தைக்காரி யாராவது அதில் பூந்தியைப் பொட்டலம் கட்டிக்கொள்வாள். நடுவில் எதுகை மோனையோடு நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டு எழுதிய கவிதை கேட்பாரற்றுக் கிடக்கும்.

இப்போது எங்கள் தெருவுக்குக் கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. யாருக்காவது பிறந்தநாள், கிரகப்பிரவேசம் என்றால், நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும், எல்லாரும் எடுத்து அனுப்பிக்கொள்கிறோம் என்று என்னிடம் வருகிறார்கள். எழுதிப் போட்டால் அடியில் கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுகின்றன. யார் போட்டார், யார் போடவில்லை என்பதுதான் அங்கேயும் பேச்சு. எனக்கு அலுத்துவிட்டது. இந்த அலுப்பு கைப்பேசி வந்து தொடங்கியது இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரிலேயே எனக்கு வந்துவிட்டது.

அங்கே தொழிற்பேட்டையில் நட்டு, போல்ட்டு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். தகரம் வேய்ந்த ஒரே கூடம். லேத்துகள், ஓட்டை போடும் மெஷின்கள், மூலையில் மரத்தடுப்புக்குள் நான். தமிழ் கொஞ்சம் படித்தவன் என்பது எப்படியோ வெளியே தெரிந்துபோயிற்று. பிறகென்ன, கம்பெனியில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் எங்கள் நண்பர்கள் வட்டத்தின் சார்பில் மடல் போட வேண்டும், அதை நான்தான் எழுத வேண்டும். ஆரம்பத்தில் மாப்பிள்ளை, பெண் பெயர்களுக்குப் பொருத்தமாகப் புதிதாகவே எழுதினேன். பிறகு நிலவையும் தென்றலையும் இடம் மாற்றிப் போட்டேன். கடைசியில் அந்தச் சிரமமும் வேண்டாம் என்று பெயர்களை மட்டும் மாற்றினேன். ஒரு தடவை பெண்ணின் பெயரை மாற்ற மறந்து, முந்தின கல்யாணத்துப் பெண்ணின் பெயரே அச்சாகிவிட்டது. அதைக்கூடத் தாய்மாமன் ஒருவர்தான் கண்டுபிடித்தார். அவரும் சாப்பிட்டுவிட்டு வந்துதான் கேட்டார்.

தகராறெல்லாம் பெயர் வரிசையில்தான். சூப்பர்வைசர் முதலில் வர வேண்டும். அவருக்குக் கீழே லேத்துக்காரர்கள். மடலுக்குப் பங்கு கொடுக்காதவனும் தன் பெயர் வரும் என்று எதிர்பார்ப்பான். பெயருக்குப் பின்னால் ஐ.டி.ஐ. என்று போடவில்லை என்பதற்காக ஒருவர் தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. இத்தனைக்கும் அவர் அதை முடிக்கவில்லை.

அந்த வரிசையில் எப்போதும் கடைசியில் வரும் பெயர் ஒன்று உண்டு. ஓட்டை போடும் மெஷினில் நின்ற ஒரு பையன். பையன் என்றால் இருபத்தைந்து வயதிருக்கும். டி. கல்லுப்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துக் காலனி அவனுக்கு. ஊருக்குள் நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கிய சாதிக்காரர்கள் ஊருக்கு வெளியே காலனியில் இருந்தார்கள். அவன் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். தன் பெயர் கடைசியில் வருவதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. மண்டபத்தில் மடல் கட்டைச் சுமந்துபோய் எல்லாருக்கும் கொடுக்கிற வேலையையும் அவனே பார்த்தான்.

ரோட்டோர டீக்கடையில் அவனும் நாங்களும் ஒரே மாதிரி கிளாசில்தான் குடித்தோம். எல்லாரும் அவனை ‘மாப்ள’ என்றுதான் கூப்பிட்டார்கள். பரவாயில்லை, காலம் மாறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்புதான்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. காலனியிலேயே, வீட்டு வாசலில் பந்தல் போட்டு. பத்திரிகையை வைத்துவிட்டுத் தடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். கேட்பதற்கு வெட்கப்படுகிறான் என்று தெரிந்து, மடல்தானே, எழுதிவிடலாம் என்றேன்.

“பாட்டு எப்படி வேணாலும் இருக்கட்டும்ணே. பேரை மட்டும் பூராம் மைக்குல வாசிங்க. எங்கய்யா அது ஒண்ணைத்தான் கேக்காரு.”

பிறகு விவரம் சொன்னான். ரேடியோ செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார்கள், அதில் ஒன்றை ஊரைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தார் அவன் அப்பா. காலமெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் நிலத்தில் கிடந்தவர். சின்னப் பிள்ளைகள்கூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடும். தன் மகன் மதுரைப் பக்கம் கம்பெனியில் இன்னின்னாரோடு வேலை பார்க்கிறான், அவர்கள் எல்லாரும் அவனுக்குச் சிநேகிதர்கள் என்று அந்த ஊர் ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

வெகுகாலம் கழித்து எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். நிலவும் இல்லை, தென்றலும் இல்லை. இரும்பில் ஓட்டை போடும்போது அவன் கை ஆடாமல் நிற்பதை வைத்தே எழுதினேன். இன்றைக்கும் என் எழுத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

மறுநாள் டீ நேரத்தில் வழக்கம்போலப் பெயர் கேட்கப் போனேன். முதலில், அவனை வாய்க்கு வாய் ‘மாப்ள’ என்று கூப்பிடும் லேத்துக்காரர். நான் சொல்லி முடிப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

“காசு தாரேன்ணே. பேரு மட்டும் வேணாம்.”

ஏன் என்று கேட்டேன். அந்த ஊரில்தான் அவருடைய தாய்மாமன் வீடு இருக்கிறதாம். மைக்கில் பெயர் வாசித்தால் மாமன் காதில் விழும். காலனிக் கல்யாணத்தில் போய்க் கைநனைத்தானா என்று கேட்பார்கள். அந்த வீட்டில்தான் அவர் பெண் எடுப்பதாக இருந்தது. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, தப்பாக நினைக்க வேண்டாம், தனக்கு ‘மாப்ள’ மேல் பிரியம்தான், ஊருக்காகத்தான் பார்ப்பதாகச் சொன்னார்.

அடுத்தவரும் பணத்தை எடுத்தார். அவருக்கு அந்த ஊரில் சொந்தம் கிடையாது. ஆனாலும் மடல் எங்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ‘நண்பர்கள்’ என்று பொதுவாகப் போட்டுவிடலாமே என்று இன்னொருவர் வழி சொன்னார். சூப்பர்வைசர், முதலாளிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்றார். அதுவரை வந்த மடல்கள் எதையும் முதலாளி என்ன நினைத்தார் என்று அவர் யோசித்ததே இல்லை. என் பெயரையும் எடுத்துவிடச் சொன்னார் ஒருவர். உங்களுக்கு எதுக்குண்ணே வம்பு என்று அக்கறையாகத்தான் சொன்னார்.

ஒருவர்கூடக் காசு தரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எவனாவது சாதியைச் சொல்லித் திமிராகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எல்லாரும் நல்லவர்களாக, தயங்கித் தயங்கி, என் தோளைத் தொட்டுச் சொன்னார்கள். கல்யாணத்துக்கும் அன்றைக்குப் பார்த்து எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பெயர்களை நான் இங்கேயும் எழுதவில்லை. கேட்டால் இன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

டவுனில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில்தான் எங்கள் மடல்களை அடிப்போம். ‘இவண், அன்பு நண்பர்கள்’ என்ற வரியை அங்கே எழுத்துக் கோர்க்கிறவர் பிரிக்காமல் நூல் போட்டுக் கட்டியே வைத்திருப்பார். புரூப் எடுத்துக் காட்டினார். பெரிய எழுத்தில் ‘நண்பர்கள்’. அதற்குக் கீழே என் பெயர் மட்டும். ‘நண்பர்’ என்று மாற்றட்டுமா என்று கேட்டார். மாற்றச் சொல்லிப் பார்த்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது. பழையபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று டி. கல்லுப்பட்டி வரைக்கும் ஒரு பஸ், அப்புறம் ஒரு டவுன் பஸ். இறங்கி ஊரைத் தாண்டிக் காலனிக்கு நடக்க வேண்டும். ஒரு கையில் மடல் கட்டு, ஒரு கையில் கடிகாரம். வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன். மாலையும் கழுத்துமாக இருந்தவன் எழுந்து வந்தான். ஒரு மடலை வாங்கிப் பார்த்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். “பஸ்ஸு ஒடனே கெடச்சுச்சாண்ணே?” என்று கேட்டான். கிடைத்தது என்றேன்.

அவன் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கோடி வேட்டி கட்டி மைக் செட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். என்னைச் ‘சாமி’ என்று கூப்பிட்டுக் கும்பிட்டார். சாமியெல்லாம் வேண்டாம், கம்பெனியில் எனக்கு அண்ணன் என்று மகன் திருத்தினான். உடனே ‘தம்பி’ என்றார். மற்றவர்கள் பின்னால் வருகிறார்களா என்று கேட்டார். நான் எதையோ சொல்லி மழுப்பினேன்.

தாலி கட்டி முடிந்ததும் மைக்கைக் கொடுத்தார்கள். கவிதையை வாசித்தேன். அடி வரிக்கு வந்து, ‘இவண், அன்பு நண்பர்கள்’ என்று சொல்லி நிமிர்ந்து பார்த்தேன். அவன் அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊர்ப் பக்கம் திரும்பி, தலையைச் சாய்த்து நின்றிருந்தார். குழாயிலிருந்து சத்தம் அங்கே போய்ச் சேருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு பெயரை வாசித்து மைக்கைக் கீழே வைக்க என்னால் முடியவில்லை. எல்லாப் பெயரையும் வாசித்தேன். எத்தனை மடலில் எழுதிய வரிசை, தாளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சூப்பர்வைசரில் தொடங்கி, இனிஷியலோடு, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஒவ்வொரு பெயரும் ஊரைத் தொட்டுத் திரும்பி வந்தது.

பந்தலில் கைதட்டினார்கள். இதற்காகக் கம்பெனியில் பின்னால் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் உண்டு. போகட்டும். அந்த நேரத்தில் எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஒரு மனுஷன் ஆசைப்பட்டதைக் கொடுத்துவிட்டோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். பந்தலின் பக்கவாட்டில் பாய் விரித்து இலை போட்டிருந்தது. ஒரு வரிசை முழுக்க இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஒருவரையும் உட்காரவிடாமல் அவன் அப்பா காவல் நின்றார். வெயிலில் நடந்து வந்த சொந்தக்காரர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், எல்லாரும் ஓரமாக நின்றார்கள்.

“யாரும் உக்காராதீக. கம்பெனிக்காரவுக வாராக. மொதப் பந்தி அவுகளுக்குத்தான்.”

மைக்கில் ஒரே தடவை கேட்ட பெயர்கள் அத்தனையும் அவருக்குப் பிசகாமல் நின்றிருந்தன. முதல் இலையைக் காட்டி ஒரு பெயர், அடுத்த இலையைக் காட்டி ஒரு பெயர் என்று பரிமாறுகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு பாதைப் பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி என்னிடம் வந்து, சூப்பர்வைசர் பெயரைச் சொல்லி, அவுக பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்களா என்று கேட்டார். நானும் பாதையைப் பார்த்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது. அவர் மறுபடியும் பாதைப் பக்கம் போனார்.

மாப்பிள்ளை மணையிலிருந்து எழுந்து வந்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

“வரலைய்யா. அண்ணன் மட்டுந்தான் வந்திருக்காக. நம்மாளுகள உக்காரச் சொல்லுங்க.”

“பேரு வாசிச்சாகளேப்பா” என்றார் அவர்.

அவர் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். ஏதோ தனக்குத்தான் விளங்கவில்லை என்பது மாதிரிப் பார்த்தார். பிறகு சொந்தக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, யாருக்கோ போட்ட இலையில் உட்காருகிற தயக்கத்தோடு வந்து உட்கார்ந்தார்கள்.

என்னை அவனே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தான். சோற்று வாளியை வாங்கி, மாலை இலையில் படாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எனக்குச் சோறு போட்டான். போடும்போது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“ஒரு பேரு போதும்ணே எனக்கு. வராதவுகள எதுக்கு வாசிச்சீக? எங்கய்யா நெசம்னு நம்பிட்டாரு.”