துவக்குக்கு நோகாத சன்னம்

எங்கள் ரயர் கடைக்கு வருகிறவர்கள் எதையாவது கழற்றிப் பூட்டத்தான் வருவார்கள். கென் மட்டும் குப்பை கேட்டு வந்தார். கார்ச் சில்லு ஆடாமல் ஓடுவதற்காக அதன் விளிம்பில் ஈயத்துண்டு அடிப்போம். பழைய கார்களிலிருந்து பிடுங்கி வாளியில் எறியும் அந்தத் துண்டுகள்தான் அவருக்கு வேண்டுமாம். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பூனைக்கும் வழிவிட்டு நடக்கிறவர். மீன் தூண்டிலில் கட்டப்போகிறாராக்கும் என்று எண்ணி, முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு வாளி நிறைய நானே சுமந்துபோய்க் கொடுத்தேன். "சன்னம் வார்க்க இதைவிட நல்ல ஈயம் கிடைக்காது" என்றார் கென். தூண்டிலுக்கு அல்ல, துப்பாக்கிக்கு.

ஊரில் யுத்தகாலத்தில், குண்டு செய்ய உதவும் என்று தடைசெய்த ரோர்ச் பற்றரி ஒன்று சட்டைப்பையில் இருந்த குற்றத்துக்காக இராணுவச் சோதனைச் சாவடியில் அரைநாள் வெயிலில் நின்றவன் நான். ஒரு பற்றரிக்கு அரைநாள் என்றால் ஒரு வாளி ஈயத்துக்கு எவ்வளவு காலம் நிற்கவேண்டும்? இங்கே கனடாவில் அகதி விசாரணையில், ஆயுதம் தொட்டதுண்டா என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்று விதமாகவும் இல்லை என்றேன். அந்த 'இல்லை'யின் மேல் நின்றுதான் இத்தனை வருடமும் ஸ்காபரோவில் ரயர் மாற்றுகிறேன். அடுத்த மாதம் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். நல்ல நேரம் பார்த்து வெடிபொருள் விநியோகத்தில் இறங்கியிருக்கிறேன்.

மனைவி வசந்தி கேட்டதும் தலையில் கைவைத்தாள். "இஞ்சருங்கோ, உந்த வாளியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ. முதல்ல சிற்றிசன்சிப் கையில வரட்டும். பிறகு பீரங்கியும் வார்த்துக் குடுங்கோ."

போனேன். கராஜுக்குள் வார்ப்பு அச்சும் தராசும் வரிசையாக நின்ற வெற்றுத் தோட்டாக் கோதுகளுமாக, கென் பலகாரம் சுடுகிற மும்முரத்தில் இருந்தார். முதலாம் உலகப்போர்க் காலத்துத் துவக்காம். கடையில் விற்கும் தோட்டா அதன் வயதான குழலைத் தேய்த்துவிடுமாம். மென்மையான ஈயத்தில் வார்த்து, வெடிமருந்தையும் அளவோடு போட்டால் அதற்கு நோகாதாம். சுட்டால் துவக்குக்கு நோகுமே என்று கவலைப்படும் மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

பூட்டிய அலுமாரியைத் திறந்து அதை எடுத்தார். எங்கள் ஊர்ப் பொலிஸ்காரர் தோளில் தொங்கிய அதே இனம். அங்கே அதற்கு ஓய்வே கிடைக்கவில்லை. இங்கே எண்ணெய் பூசி, வெல்வெட்டில் படுக்கவைத்திருக்கிறார். அதைக் கையில் ஏந்தியபடி கென் என் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், என் கை தானாகப் பின்பொக்கெற்றுக்குள் போய், சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டியது.

கென் அதை வாங்கிப் படித்தார். "இது கார் ஓட்டத்தானே? துவக்குக்கு வேறு லைசென்ஸ் எடுக்கவேண்டும். நான் உதவுகிறேன்" என்றார் அன்போடு.

"எங்கள் நாட்டில் துவக்கைக் கண்டால் அட்டையைக் காட்டுவோம்" என்றேன், எனக்கு வாய்த்த ஆங்கிலத்தில்.

"பரவாயில்லையே. கட்டுப்பாடான நாடு."

அதற்கு மேல் வாளியைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. அவரோ புதிதாக வார்த்த ஒரு சன்னத்தை என் கோட் பையில் போட்டார். "உங்கள் ஈயம். குடியுரிமைக்கு என் பரிசு. மருந்து இல்லை, பயப்படாதீர்கள்." வசந்திக்குச் சொல்லப் பயந்து, சொல்லாமலே மறந்தும் போனேன்.

சத்தியப்பிரமாண மண்டபத்து வாசலில் யாரும் என்னைத் தடவிப் பார்க்கவில்லை. அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய, நீதிபதி எழுந்து நிற்கச் சொன்னார். வலது கையை உயர்த்தினேன். கைக்குட்டைக்காகக் கோட் பைக்குள் போன இடது கை சன்னத்தில் முட்டியது. கையை எடுத்தால் அதுவும் கூடவே வந்து விழும் போலிருந்தது.

"கையை வெளியில எடுங்கோ, மரியாதை இல்லை" என்று வசந்தி கிசுகிசுத்தாள்.

"எடுக்கேலாது."

வலது கை மன்னருக்காக மேலே நின்றது. இடது கை அந்த ஈயத்தைப் பொத்திக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்றது. அப்படியே கனேடியன் ஆனேன்.