பெர்னாட்டுக்குப் போன் பிடித்த கதை

தொட்டிக்குள் இருந்தவன் சேது. வெளியே நின்றவன் பெர்னாட். சர்ட்டிபிகேட் வெளியே நின்றவனுக்குப் போனது. சேதுவின் வயிற்றெரிச்சல் அங்கே ஆரம்பித்தது. தலை நரைத்த பிறகும் அது அடங்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே செம்பனை எண்ணெய் ஆலையில் வெல்டிங் வேலை பார்த்தவர்கள். பழக்குலையை அவிக்கிற பெரிய இரும்புத் தொட்டியில் அன்றைக்கு ஓட்டை. சேது உள்ளே இறங்கி, சூட்டில் வெந்து அடைத்துக்கொண்டிருந்தான். பெர்னாட் பிளாஸ்டிக் பையில் கட்டின தேத்தண்ணியோடு வெளியே நின்றான். அந்த நேரம் பார்த்து என்ஜினியர் வந்தார். வெல்டிங் சர்ட்டிபிகேட் படிக்க ஒரு ஆளைக் கம்பெனி செலவில் ஷா ஆலாம் பட்டணத்துக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கண்ணுக்கு முன்னால் நின்றவனைப் பார்த்து, "நீ போ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இத்தனைக்கும் சேது வேலையில் இரண்டு வருஷம் மூத்தவன்.

"உள்ள ஒருத்தன் வேகுறான்னு சொல்ல உனக்கு வாய் வரலையாடா?" என்று சேது எத்தனையோ தடவை கேட்டுவிட்டான்.

"சொன்னேன் மச்சான். பாய்லர் சத்தத்துல அவருக்குக் கேக்கல."

"ஆமா. உன் பேரு மட்டும் அந்தச் சத்தத்துலயும் கணீர்னு கேட்டுச்சு."

பெர்னாட் இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் நின்று ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி சுருதி தப்பிப் பாடுவான். ஃபாதரே ஒருநாள், "பெர்னாட், நீ மனசுக்குள்ள பாடினாலும் ஆண்டவருக்குக் கேக்கும்" என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் இன்னும் சத்தமாகப் பாடினான். ஆனால் கையில் வெல்டிங் கம்பியைக் கொடுத்துவிட்டால் ஆள் வேறு. ஆலையை விட்டு வந்த பிறகு பாசிர் பெனம்பாங் மீன்படகுகளுக்கு அவன் போட்ட ஒட்டு உப்புத்தண்ணியில் கிடந்தும் விட்டதில்லை. சுங்கை புரோங்கில் நெல் அறுப்பு மெஷின் உடைந்தால் சீன முதலாளிகளான தவுக்கேமார்கள் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். அதுவும் சேதுவுக்குக் குத்தும். தஞ்சோங் காராங் ரோட்டில் அவனும் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்து விற்றுக்கொண்டுதானே இருந்தான்?

இப்படி இருக்கும்போதுதான் பெர்னாட்டுக்கு ஆஸ்திரேலியா ஆசை வந்தது. அங்கே வெல்டருக்குத் தட்டுப்பாடாம். கைத்தொழில் தெரிந்தவன் பொண்டாட்டி பிள்ளையோடு போய் பி.ஆர். வாங்கிக்கொண்டு நிரந்தரமாகவே இருந்துவிடலாமாம். ஆனால் சர்ட்டிபிகேட் வேண்டும், இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும், வயது நாற்பத்தைந்தைத் தொடக்கூடாது. பெர்னாட்டுக்கு நாற்பத்து நாலு. பிறந்தநாளுக்குக் கொஞ்ச மாசம்தான் பாக்கி. சேதுவுக்கு நாற்பத்தாறு, சர்ட்டிபிகேட்டும் கிடையாது. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தபோதே அது அவனுக்கு மூடியாகிவிட்டது.

இங்கிலீஷ் பரீட்சையில் பெர்னாட் இரண்டு தடவை விழுந்தான். சேதுவுக்கு அந்த இரண்டு நாளும் நல்லாத் தூக்கம் வந்தது. மூன்றாம் தடவை தேறிவிட்டான். அன்றைக்குச் சேது சோறு சரியாகச் சாப்பிடவில்லை. "காய்ச்சலா?" என்று அவன் மனைவி உஷாராணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனை. அங்கேயிருந்து ஒரு அதிகாரி வீடியோவில் வருவார். கேள்வி கேட்பார். அப்புறம் அவர் கண் முன்னால் இரும்பை ஒட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் போனைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

சாதாரண விஷயமில்லை அது. நெருப்பு வெடிக்கும்போது போனுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பிடிக்காவிட்டால் வெறும் வெள்ளை வெளிச்சம்தான் தெரியும். நெருப்பு நின்றதும் எடுக்காவிட்டால் வெறும் இருட்டு. பெர்னாட்டின் மனைவி ஜெனவீவ் ஒருநாள் பிடித்துப் பார்த்தாள். பொறி பறந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஏசுவே!" என்றாள். வீடியோவில் பட்டறைக் கூரை மட்டும் பதிவாகியிருந்தது. பெர்னாட் நேரே சேதுவிடம் வந்தான்.

"என் மணிக்கட்டு அசையுறப்பவே நெருப்பு எப்ப வரும்னு உனக்குத் தெரியும் மச்சான். வேற எவனுக்குத் தெரியும்?"

மாட்டேன் என்று சொல்ல சேதுவுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

சோதனை பெர்னாட்டின் பட்டறையிலேயே நடந்தது. திரையில் ஒரு வெள்ளைக்காரம்மா. நிதானமான பேச்சு. கேள்விகளுக்கெல்லாம் பெர்னாட் வியர்த்து வழிந்துகொண்டே பதில் சொன்னான். கொஞ்ச நேரம் இடைவேளை, சாமான்களைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தம்மா திரையை விட்டுப் போனார்.

பெர்னாட் சோதனை விதிப்படி புதுசாக வாங்கின சேப்டி சப்பாத்து, கனத்த பூட்ஸ், போட்டிருந்தான். அது குதிகாலைக் கடித்திருந்தது. "அப்பாடா" என்று கழற்றி எறிந்துவிட்டு, கால் பழக்கத்தில் ரப்பர் ஜப்பான் சிலிப்பரை மாட்டிக்கொண்டான். இந்தப் பக்கத்து வெல்டர் எல்லாரும் சிலிப்பரில்தான் வேலை செய்வார்கள். புறங்காலில் பொறி பட்ட வடு இல்லாதவனை வெல்டர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

சேதுவுக்கு உறைத்தது.

ஒரே ஒரு வார்த்தை. "சப்பாத்துடா" என்றால் முடிந்தது. பெர்னாட் இரும்பைத் துடைத்தான், இறுக்கிப் பூட்டினான், சுருதி தப்பி ஒரு பாட்டை முனகினான். சேது அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தம்மா திரும்ப வந்தார். இனிமேல் போன் பிடிப்பவர் பேசவோ சைகை காட்டவோ கூடாது, வேலை செய்யும் இடம் முழுவதையும் காட்டுங்கள் என்றார். போனை இடுப்புக்கு மேலேயே ஓட்டி ஒப்பேற்றியிருக்கலாம். சேது மேசையைக் காட்டினான், காஸ் பாட்டிலைக் காட்டினான். அப்புறம் போனை மெதுவாகக் கீழே சாய்த்தான். கை தவறிச் சாயவில்லை. அவனேதான் சாய்த்தான்.

சோதனை அங்கேயே நின்றது. பாதுகாப்பு இல்லாமல் நெருப்பு மூட்ட அனுமதியில்லையாம், இனிமேல் சப்பாத்தை மாட்டினாலும் செல்லாதாம். பெர்னாட் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்தான். வழக்கமாக எதற்கும் சிரிக்கிறவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து ஜெனவீவ் அழுகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்த சேது, சட்டையைக் கழற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னான்.

"பாவம்லா அந்த அண்ணன்" என்றாள் உஷாராணி. "நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"பேசக்கூடாதுன்னுட்டாங்க. நான் என்ன செய்ய?"

"அது அவங்க திரும்பி வந்தப்புறம் சொன்னதுதானே? அவர் சப்பாத்தைக் கழட்டுறப்ப உங்க வாயை யாரு தச்சு வச்சா?"

சேது துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். ரொம்ப நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். பழைய எரிச்சல் அப்படியே கிடந்தது, அதன் மேல் புதுசாக ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் பெர்னாட் சேதுவின் கடைக்கு வந்தான். பாதி முடிந்த ஒரு கேட்டின் மேல் உட்கார்ந்தான். இன்னொரு தடவை சோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்களாம். பிறந்தநாளுக்கு முன்னால் அது ஒன்றுதான். விட்டால் ஜென்மத்துக்கும் இல்லை.

"சோதனை வீடியோவை எனக்கும் அனுப்பினாங்க" என்றான். "பாத்தேன்."

சேது சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"நீ போனை எப்படிப் பிடிப்பேன்னு எனக்குத் தெரியும்டா. அசையவே அசையாது. என் கால்கிட்ட வந்து அழகா நின்னுச்சு பாரு."

"இப்ப என்னாங்கிற? அடிக்கப் போறியா?"

"அடிச்சா உனக்குக் கணக்குத் தீந்துரும். நான் ஏன் தீத்து வைக்கணும்?"

"நீ போயிருவ. பிள்ளைகள் அங்க படிக்கும். நான் இந்த ரோட்டுலயே இரும்புக் கேட் செஞ்சே சாவேன். எனக்கு வயிறு எரியாதா?" இத்தனை வருஷத்தில் இதை அவன் வெளியே சொன்னது அன்றைக்குத்தான்.

"எரியும்" என்றான் பெர்னாட். "எனக்கா இருந்தா இன்னும் நல்லா எரியும். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

லோரி ஒன்று செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு தூசியைக் கிளப்பிப் போனது.

பெர்னாட் இப்போது குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில், பெர்த் ஊரில் இருக்கிறான். அங்கேயும் கோயிலில் பாடுகிறானாம், அவர்களும் சகித்துக்கொள்கிறார்களாம். படங்கள் அனுப்புவான். சேது ஒவ்வொன்றையும் பெரிசாக்கிப் பார்ப்பான், வீட்டைப் பார்ப்பான், காரைப் பார்ப்பான், ஒன்றுக்கும் பதில் போட மாட்டான். பொறாமை அவனை விட்டு எங்கேயும் போய்விடவில்லை. பெர்னாட்டும் அதற்கப்புறம் அவனிடம் எந்த உதவியும் கேட்டதில்லை. கடைசியாக அவன் கேட்டு, சேதுவும் செய்துகொடுத்த உதவி அன்றைக்கு அந்தக் கடையில் கேட்டதுதான். எழுந்து, பின்பக்கத்துத் துருவைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டான்:

"வியாழக்கிழமை காலையில வந்து நீதான் போனைப் பிடிக்கணும் மச்சான். வேற ஆளு இல்ல. ஆனா ஒண்ணு, எடுத்த எடுப்புல முதல்ல என் காலைக் காட்டு."