முப்பத்தெட்டாவது நிமிடம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஃபிட்டராக இருக்கும், பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி ஆபீஸில் ஒதுக்கிப் போட்டது. அதில் படங்களைச் சேர்த்துவைத்து வீட்டு டிவியில் பார்க்கும்படி செய்தேன். மனைவிக்காகத்தான். தூறல் விழுந்தாலே கேபிள் போய்விடும், அவளோ படம் இல்லாமல் மதியச் சோறு உண்ணமாட்டாள்.

அதற்கான மென்பொருள் ஒரு கன்டெய்னருக்குள் ஓடும். வேண்டிய சாமான்களையெல்லாம் உள்ளே போட்டு மூடிய டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். பழசானால் டப்பாவோடு அழித்துவிட்டுப் புதுசு வைக்கலாம். படங்கள் வெளியே தனி டிஸ்க்கில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. யார் எந்தப் படத்தை எதுவரை பார்த்தார்கள் என்ற குறிப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை. பெரிய மேதாவி என்ற நினைப்பு.

மாசியில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள். அதற்கப்புறமும் டிவி அவள் பெயரில்தான் திறந்தது. முதலில் அவள் பாதியில் விட்ட பழைய காமெடிப் படம், அதன் அடியில் முப்பத்தெட்டாவது நிமிடம்வரை ஒரு சிவப்புக் கோடு. தலைவலிக்கிறது, மீதியை நாளைக்குப் பார்க்கிறேன் என்று எழுந்து போனவள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். படத்தைத் தொட மனசு வரவில்லை.

ஆவணியில் ஒரு சாயங்காலம் கோடு நாற்பத்தொன்றில் நின்றது. அவளே வந்து பார்க்கிறாளோ என்று பயந்துபோனேன். மறுநாள் நாற்பத்துநாலு.

வீட்டில் என்னைத் தவிர மாமனார் ஒருவர்தான். மகளின் காரியம் முடிந்த கையோடு பொங்கலூரிலிருந்து வந்து என்னுடனே தங்கிவிட்டார். ரிமோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர் என்பது என் எண்ணம். அவரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். நான் கேட்கவில்லை. பயம் நாலே நாளில் போய், சாயங்காலம் எப்போது வரும் என்று ஆகிவிட்டது. வேலைக்குக் கிளம்பும்போது டிவி அறையில் ஃபேனை அணைக்காமல் போனேன். அவளுக்குப் புழுக்கம் ஆகாது.

"ஏனுங் மாப்ள, ஃபேனு சும்மாவே ஓடுதுங்களே?" என்று மாமனார் கேட்டார்.

"மறந்துட்டனுங்க மாமா."

ஆயுதபூஜை வந்தது. கம்பெனியில் மெஷின் மெஷினாகப் படிந்த பஞ்சை ஊதித் தள்ளி, எண்ணெய் போட்டுவிட்டு வந்த கை சும்மா இருக்குமா? துக்க வருஷம் என்பதால் வீட்டில் பூஜை கிடையாது. துடைப்பதற்குமா தடை? பைக், மிக்ஸி, கடைசியில் பரண் கம்ப்யூட்டர். வெளியே துடைத்தால் போதாதென்று பழைய கன்டெய்னரை அழித்து, புதுசை ஏற்றினேன். டிவியைப் போட்டால், உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. படங்கள் எல்லாம் இருந்தன. அவள் பெயர் இல்லை, கோடும் இல்லை. குறிப்பெல்லாம் டப்பாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. துணியைக் கையில் பிடித்தபடி அழுதேன்.

மறுநாள் விடுமுறை. மதியம் மாமனார் தயங்கித் தயங்கி வந்தார்.

"மாப்ள, பாப்பா பாத்த படத்தைக் காணோமுங்க."

"எந்தப் படமுங்க மாமா?"

"அவ பாதியில உட்டதுங்க. நீங்க வேலைக்குப் போனப்பறம் பட்டனை அமுத்துனா அதுவா வரும். தெனமும் துளித்துளியாப் பாத்தனுங்க. ஒரேடியாப் பாத்தா தீந்து போயிருமுங்களே. இன்னும் பத்து நிமிசந்தான் இருந்துச்சு."

பேய் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி வரவில்லை. இத்தனை நாளும் அவள் வரவே இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்! அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் செய்துவைத்த வேலை நினைவுக்கு வந்ததும் அடங்கிவிட்டது. அழித்ததையும், ஃபேன் யாருக்காக ஓடியது என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அவ எந்த எடத்துல நிறுத்துனான்னாவது தெரியுங்களா?"

அது எனக்கு மறக்குமா? அவள் பெயரையே மறுபடியும் பதிந்து, படத்தைத் தேடிப் போட்டேன். முப்பத்தெட்டாவது நிமிடத்துக்குத் தள்ளப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல இருந்து போடுங்க. அவ உட்ட மீதியத்தான் நான் பாத்தேன். அவ பாத்ததை நான் இன்னும் பாக்கலீங்களே."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். சிரிப்பு வருகிற இடங்களில் அவர் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் நிறுத்தினேன்.

அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பும்போது ஃபேனை அணைக்கப் போனேன்.

"ஓடட்டுமுங்க மாப்ள," என்றார்.