ஓடைமேல் மிதந்த பளபளப்பு

காலை ஆறே முக்கால் மணி. இலஞ்சியில் வயல்களுக்குப் போகும் ஓடையின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு மெல்லிய ஏடு மிதந்தது. பால் வாங்கப் போன நான் நின்று பார்த்தேன். அறுபதுகளின் தொடக்கம், ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன். இலஞ்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை.

ஓடையை ஒட்டிய வயல்களில் நெற்பயிர் பழுப்பேறிக்கொண்டிருந்தது. அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களால் வந்த கேடு என்று முதலில் பேசினார்கள். அவர்களைத் தடுக்க முடியாதே. பேச்சு மெல்ல, ஓடையின் மேல்புறம் மாட்டுச் செக்கு ஓட்டியவர்மேல் திரும்பியது. எண்ணெய்த் தகரங்களை அவர் ஓடையில்தான் கழுவுவார். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் செக்கை எடுக்கச் சொல்லிவிடுவதாக இருந்தார்கள்.

அவர் மகள் என்னிடம் நான்காம் பாரம், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பு, படித்தாள். செக்கு போனால் குடும்பம் கடையநல்லூருக்குப் போய்விடும், தன் படிப்பு நின்றுவிடும் என்றாள். அழவில்லை.

அன்று வகுப்பில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். குச்சியால் கீறினால் எண்ணெய்ப் படலம் பிரிந்து, உடனே கூடிக்கொண்டது. பிறகு எல்லாரையும் வயலுக்கு அழைத்துப் போனேன். வரப்போரம் தேங்கிய நீரில் மிதந்த ஏட்டை ஒரு மாணவன் கீறினான். அது சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றது.

"ஒடைச்ச அப்பளம் மாதிரி கெடக்கு, டீச்சர். சேரமாட்டேங்குது."

வயல்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணெயக் கண்ணால பாக்கோம். நீங்க குச்சிய விட்டுக் கிண்டிட்டு இல்லைங்கியளாக்கும்?"

"வாங்க அண்ணாச்சி, மேல வரைக்கும் பாத்திருவோம்" என்றேன். அவரும் கூடவே வந்தார்.

செக்கடிக்குக் கீழே, தகரம் கழுவும் இடத்திலும் ஏடு மிதந்தது. குச்சியைச் செக்குக்காரர் மகள்தான் வாங்கினாள். கீறினாள். படலம் பிரிந்தது, கூடியது. இன்னொரு முறை கீறினாள். மறுபடியும் கூடியது. குனிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். கரையில் நின்ற எங்களுக்கு அது சரியாகத் தெரியவில்லை.

"இது எண்ணெய்தான், டீச்சர்."

"ஏட்டி, உங்கய்யாவையே மாட்டி விடுதியே" என்றான் ஒருவன்.

"இருக்கதத்தான சொல்ல முடியும்?"

அங்கிருந்து ஓடையோடு கீழே இறங்கினோம். தாழம்புதர் வளைவு வரை எண்ணெய் இருந்தது. அதற்கப்பால் தண்ணீர் தெளிவாக ஓடியது. வயலை நெருங்கி, நீர் தேங்கிய இடத்தில்தான் மறுபடி ஏடு. அது உடைகிற ஏடு. மண்ணிலுள்ள இரும்பு தேங்கிய நீரில் கரைந்து, மேலே காற்றுப் பட்டதும் துரு ஏடாகப் படர்கிறது என்று விளக்கினேன். பயிர் பழுப்பேறியதற்கும் வடியாத தண்ணீர் காரணமாக இருக்கலாம், வடித்துப் பார்த்தால் தெரியும் என்றேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எனக்காகப் பேசியவர் அந்த வயல்காரர்தான். "சொந்த அப்பன் கழுவுன எண்ணெயவே எண்ணெய்னு சொல்லுச்சு அந்தப் பிள்ள. எங்க வயக்காட்டுல இருக்கது எண்ணெய் இல்லன்னா நான் நம்புதேன்."

செக்கை எடுக்க வேண்டாம் என்று முடிவானது. செக்குக்காரர் ஓடைக்கு வெளியே ஒரு குழி வெட்டி அதில் தகரம் கழுவ ஒப்புக்கொண்டார். வயல்காரர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். சில வாரங்களில் பயிரில் புதிய குருத்து பச்சையாக வந்தது.

சோதனையின் விடை நமக்குப் பிடிக்காததாக வந்தாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒருவர் அப்படிச் சொன்னதை நேரில் பார்த்தது அன்றுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் நிறைகிறது.

அடுத்த ஆண்டு அவள் ஐந்தாம் பாரத்துக்குப் போனாள்.