மூன்றாவது சத்தம்

மாட்டிய கியர் பாக்ஸைத் திரும்பக் கீழே இறக்கிய அன்று ஷெட்டில் நாலு பேர் இருந்தோம்.

நான். புதுச்சேரி மூலக்குளத்தில் தகரக் கொட்டகை போட்டு வண்டி வேலை பார்ப்பவன்.

என் மச்சான், மனைவியின் தம்பி. மில்லில் இருபது வருஷம் தறி ஓட்டியவன். மில்லை மூடிய பிறகு என்னோடு வந்துவிட்டான். தறிச் சத்தத்தில் அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டன.

வண்டிக்குச் சொந்தக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சொல்தா என்போம்.

நாலாவது, அந்தக் கியர் பாக்ஸை எங்களுக்கு விற்றவன். சென்னையில் பழைய சாமான் வியாபாரம். முப்பது வயது இருக்கும். குட்டியானை வண்டியை அவனே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

சொல்தாவுடையது பழைய எஸ்யூவி. ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். கொஞ்ச நாளாக டி-யில் போட்டால் உடனே நகராது. உறுமிக்கொண்டு நின்று, பிறகு குதித்து ஓடும். ஆயிலை இறக்கிப் பார்த்தேன். கறுப்பு. தீய்ந்த வாடை. ஆயில், ஃபில்டர் மாற்றினேன். வயர் சாக்கெட் எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினேன். கம்ப்யூட்டர் வைத்திருப்பவனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். உள்ளே தேய்ந்துவிட்டது என்றான். நானும் அதைத்தான் நினைத்தேன். சென்னையில் இருந்து வேறு பாக்ஸ் வரவழைத்தோம். இதுவரைக்கும் என் வேலையில் குறை இல்லை.

கியர் பாக்ஸின் வாயில் ஒரு கன்வெர்ட்டர் இருக்கும். இரும்புப் பானை மாதிரி, ஆயில் நிறைந்தது, கனமானது. வந்த பாக்ஸில் அதைக் கழற்றி உள்ளே ஆயில் சீல் மாற்றினேன். திரும்ப மாட்டும்போது மெல்லத் திருப்பித் திருப்பி உள்ளே விட வேண்டும். ஒவ்வொரு பல்லாகப் பிடிக்கும்போது டக் என்று ஒரு சத்தம் வரும். மூன்று வர வேண்டும். மூன்றாவதுதான் பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் பம்பில் பிடிப்பது. அது வராமல் போல்ட்டை முடுக்கினால் பம்பு உடையும். எனக்கு இது தெரியாதது இல்லை.

மச்சான் ஒரு பக்கம் பிடித்திருந்தான். நான் திருப்பினேன். டக். டக். பிறகு ஒன்றும் இல்லை. ஆடாமல் நின்றது. உட்கார்ந்துவிட்டது என்று எழுந்தேன்.

"மூணாவது வர்ல மாமா" என்றான் மச்சான்.

"வந்துச்சு."

"வர்ல. கையில தெரியுது."

சொல்தா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் குடும்பத்தோடு பாரீஸில் இருந்து வரப்போகிறாள். காலையில் இருந்து எப்போ முடியும், எப்போ முடியும் என்று கேட்டபடி இருந்தார். அவர் எதிரில் மச்சான் என்னைத் திருத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

"மில்லு சங்கு நின்னு போனதே தெரியாம ஒரு வாரம் டிபன் தூக்கிட்டுப் போனவன்டா நீ" என்றேன், அவன் முகத்துக்கு நேராக, உரக்க. "நீ எனக்குச் சத்தம் எண்ணிச் சொல்றியா?"

சொல்தா சிரித்தார். "பாவம், வுடு தம்பி" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். மச்சானும் சிரித்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஜாக்கி பக்கம் போனான்.

கியர் பாக்ஸை எஞ்சினோடு சேர்த்தோம். கையால் தள்ளினாலே இரண்டின் முகமும் சேர வேண்டும். சேரவில்லை. ஒரு விரல் இடைவெளி நின்றது. அப்போதாவது இறக்கியிருக்கலாம். போல்ட்டைப் போட்டு முடுக்கி இழுத்தேன். மச்சான் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு ஜாக்கியைப் பிடித்தான்.

ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று ஒரு சத்தம். மச்சானைத் தவிர ரோட்டில் போனவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். டி போட்டேன். நகரவில்லை. அடியில் ஆயில் ஒழுகியது.

விற்றவனுக்கு அங்கேயே போன் போட்டேன். "இன்னா சரக்குப்பா குடுத்திருக்கே? பம்பு புட்டுக்கிச்சு" என்று கத்தினேன். மறுநாள் வந்துவிட்டான்.

அவன் எதிரிலேயே இறக்கினோம். பம்பின் உள்பல் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"நல்லா ஓடுன வண்டிண்ணே. நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் கழட்டுனேன்" என்றான்.

"ஓடுச்சோ ஓடலியோ. எனக்கு உடைஞ்சு வந்திருக்கு."

தப்பு என் கையில் என்றால் நஷ்டம் எனக்கு, பெயரும் கெடும். சரக்கில் என்றால் எல்லாம் அவனுக்கு. அவனுக்கும் அது தெரியும்.

அடுத்த வாரம் வேறு பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குக் கன்வெர்ட்டரை மச்சான் தனியாக மாட்டினான். நான் கிட்டே போகவில்லை. வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. வீராம்பட்டினம் தேருக்குப் பேரப்பிள்ளைகளை அதில்தான் சொல்தா கூட்டிப் போனார். மச்சான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அந்த வியாபாரியிடம் நான் பிறகு ஒரு சாமானும் வாங்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான். ஊரில் கேட்டவர்களிடம் அவன் சரக்கு சரியில்லை என்று சொன்னேன். அந்தப் பொய்யையும் சொன்னேன்.

இறக்கிய அன்று, உடைந்த பாக்ஸைத் தன் வண்டியில் ஏற்றும் முன் அவன் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். கோபமாக இல்லை. பெரியவனிடம் கேட்பது மாதிரித்தான் கேட்டான்.

"அண்ணே, நீங்க சொன்னா சரி. கன்வெர்ட்டரு உள்ள போறப்ப எத்தினி சத்தம் கேட்டுச்சு?"

சொல்தா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். மச்சானுக்குக் காதுதான் கேட்காது. வாய் அசைவதைப் பார்த்தே என்ன பேசுகிறோம் என்று சொல்லிவிடுவான். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணு."