என் கைநாட்டும் கோலப்பன் கேஸும்

வலியசாலையில் என் எதிர்வீட்டுக் கோலப்பன் கல்யாணச் சமையல்காரர். அவர் வைக்கும் புளியிஞ்சிக்காகவே பந்தியில் மறுசோறு கேட்பார்கள். அவரைக் குற்றவாளி ஆக்கியதில் என் கையும் உண்டு. மறைக்கமாட்டேன்.

கொரோனா வந்த முதல் வருஷம். நோயாளி அண்ணனைப் பார்த்துவிட்டு நாகர்கோவிலிலிருந்து எல்லை தாண்டி மலையாளக் கரைக்கு வந்தவரை, பதினாலு நாள் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவரும் மனைவி வடிவாம்பாளும் உள்ளேயே இருந்தார்கள்; விடியக்காலை வாசற்படியில் கோலம் போட மட்டும் அவள் கதவைத் திறப்பாள். ஆறாம் நாள் அவர்கள் வாசலில் கோலம் இல்லை. ஏழாம் நாளும் இல்லை. எட்டாம் நாள் போலீஸ்காரர் வந்தார். தொற்றுக்குப் பயந்து அந்தக் கதவைத் தட்டவில்லை. தெருவில் நின்றே என்னிடம் கேட்டார். "கோலம் போடாம கிடக்கு. அண்ணனைப் பார்க்கத் திரும்பப் போயிருப்பாங்க" என்றேன். மலையாளத்தில் எழுதி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தேன்.

அந்த அண்ணன் இறந்திருக்கிறார். தீட்டு, அதனால் கோலம் இல்லை. மற்ற காலமென்றால் சாவுச் செய்தி வீடு வீடாக வந்திருக்கும். அப்போது யார் வாசலை யார் மிதித்தார்கள்?

அந்தத் தாளை வைத்து கோலப்பன்மேல் கேஸ் போட்டார்கள். கோர்ட்டுக்குப் போகுமுன்பே வடிவாம்பாள் எனக்கு இதைச் சொல்லிவிட்டாள். ஆனால் பேச்சை மாற்றினால் என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று பயம். "இது உங்க கைநாட்டா?" என்று மட்டும் கேட்டார்கள். "ஆமா" என்று சொல்லி இறங்கிவிட்டேன். வடிவாம்பாள் சொன்னதை, பெண்டாட்டி பின்னே எப்படிச் சொல்வாள் என்று தள்ளிவிட்டார்கள். கோலப்பனுக்கு அபராதம் போட்டு, கோர்ட் கலையும்வரை அங்கேயே நிற்கச் சொன்னார்கள். சாயங்காலம்வரை நின்றார். அதன்பின் எந்தக் கல்யாண வீடும் அவரைக் கூப்பிடவில்லை. தெருவில் ஒரு பெரியவர் கொரோனாவில் போனதையும் அவர் தலையில் கட்டினார்கள். போன வருஷம் கோலப்பனும் கண்ணை மூடிவிட்டார்.

இந்த ஆவணியில் தெரு அசோசியேஷன் கொரோனாக் காலத்தைப் பற்றிப் புத்தகம் போட்டது. அச்சுக்கு முன்னால் செக்ரட்டரி வெங்கிடேஷ் எனக்குப் படித்துக் காட்டினான். கட்டுப்பாட்டை மீறி ஓடியவர் என்று கோலப்பன் பேர்.

"அதைத் திருத்துடா. அவர் ஓடலை."

"கோர்ட்டு விதிச்சதல்லே ஆச்சி? நான் எந்து செய்ய?"

"கோர்ட்டுக்கு வாய் கொடுத்தவ நான். நான் சொன்னது தப்புன்னு என் பேர் போட்டு எழுது."

"இந்த வயசுல ஜெயில் சோறு திங்கணுமா?"

"உன் அசோசியேஷன் சாம்பாருக்கு அது தேவலை."

சிரித்துக்கொண்டே போனான். புத்தகம் வந்தது. வம்பே வேண்டாம் என்று அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டான். வடிவாம்பாள் கடைசிவரை புரட்டிப் பார்த்தாள்.

"இப்ப அவர் இந்தத் தெருவிலேயே வாழலைன்னு ஆச்சே அக்கா" என்றாள்.

அதனால்தான் நானே சொல்லி எழுதவைக்கிறேன். பதினாலு நாளும் கோலப்பன் வீட்டில்தான் இருந்தார். எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அதைக் கேட்க அவர்தான் இல்லை.